மறுபடி மிக்ஸ் செய்யலாமா என்பதை டேப்தான் சொல்ல வேண்டும்

ஐம்பது, அறுபது வருடத்துக்கு முன் வந்து இன்றும் கேட்கப்படும் ஆல்பங்களை இன்றைய கருவிகளை வைத்து மறுபடி மிக்ஸ் செய்யலாமா, கூடாதா? கேள்வி இதுதான். குறை மிக்ஸிலேயே இருந்தால் செய்யலாம். குறை மாஸ்டரிங்கிலோ, பல கை மாறி வந்த பிரதியிலோ இருந்தால் மிக்ஸைத் தொட வேண்டியதே இல்லை. நல்ல டேப்பைத் தேடி எடுத்து ஒழுங்காக மாற்றினாலே போதும். எதைச் செய்தாலும் பழைய மிக்ஸ் விற்பனையிலும் ஸ்ட்ரீமிங்கிலும் இருந்தாக வேண்டும். என் பதில் இவ்வளவுதான். குறை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதில்தான் சண்டையே வருகிறது என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் வார்த்தை. 'ரீமிக்ஸ்' என்றாலே பழைய பாட்டுக்குப் புது பீட் போட்டு நடுவில் நாலு வரி ராப் செருகுவது என்று தமிழில் அர்த்தம் ஆகிவிட்டது. இங்கே பேச்சு அதுவல்ல. ஒலிப்பதிவின்போது டிரம்ஸ், பேஸ், கிட்டார், குரல் எல்லாம் தனித்தனி ட்ராக்காக ஒரு மல்டிட்ராக் டேப்பில் ஏறுகின்றன. அவற்றை ஏற்றி இறக்கி, இடம் வலம் பிரித்து, எக்கோ சேர்த்து இரண்டே ட்ராக்காக இறக்குவது மிக்ஸ். அந்த இரண்டு ட்ராக்கை எல்பிக்கோ சிடிக்கோ ஏற்றபடி ஒலியளவும் தொனியும் சீராக்குவது மாஸ்டரிங். ரீமாஸ்டர் அந்த இரண்டு ட்ராக் டேப்பிலிருந்து தொடங்கும். அதில் குரலை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட வழியில்லை. ரீமிக்ஸ் மல்டிட்ராக்குக்கே திரும்பிப் போகும். அட்டையில் 'புதுப்பிக்கப்பட்டது' என்று மட்டும் போட்டிருந்தால் எது நடந்தது என்று தெரியாது. மிக்ஸ் செய்தவர் பெயர் புதிதாக இருக்கிறதா என்று பாருங்கள்.

குறை எங்கே என்பதற்கு மூன்று உதாரணம். ரஷ் குழுவின் 'வேப்பர் ட்ரெய்ல்ஸ்' 2002-ல் வந்தபோது கேட்டவர்களுக்குக் காது வலித்தது. சத்தத்தை ஏற்றிக்கொண்டே போனதில் மிக்ஸ் நிலையிலேயே ஒலி அலையின் தலை வெட்டுப்பட்டிருந்தது. வெட்டுப்பட்ட அலையை மாஸ்டரிங்கில் ஒட்டவைக்க முடியாது. ஒலியைக் குறைத்தால் அதே சிதைவு சின்னதாகக் கேட்கும், அவ்வளவுதான். அதனால் 2013-ல் தயாரிப்பாளர் டேவிட் போட்ரில் ஆல்பம் முழுவதையும் மறுபடி மிக்ஸ் செய்தார். ரீமிக்ஸ் தேவைப்பட்ட இடம் என்று தயங்காமல் சொல்லக்கூடியது இது.

இரண்டாவது, மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'. 1959-ல் முதல் பக்கத்துக்கான பாட்டுகளைப் பதிவு செய்த டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியது. சரியான வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறிக் கேட்கும். முப்பது வருடத்துக்கு மேல் உலகம் கேட்டது அந்தச் சுருதியைத்தான்; கூடவே ஓடிய காப்பு மெஷினின் டேப் சரியான வேகத்தில் இருந்ததால் 1992-ல் திருத்தினார்கள். இங்கே குறை மிக்ஸில் இல்லை, டேப் ஓடிய வேகத்தில் இருந்தது.

மூன்றாவதுதான் சிக்கல். மெட்டாலிகாவின் 1988 ஆல்பத்தில் பேஸ் கிட்டார் காதில் விழுவதே இல்லை என்ற புகார் அது வந்த நாளிலிருந்து உண்டு. 2018 மறுவெளியீட்டில் பேஸைத் தூக்குவார்கள் என்று பலர் காத்திருந்தார்கள். குழு அதைச் செய்யவில்லை, ரீமாஸ்டரோடு நிறுத்திக்கொண்டது. என் கணக்கில் அதுவே சரி. அந்த மிக்ஸ் தொழில்நுட்பம் போதாமல் அப்படி வரவில்லை. அறையில் இருந்தவர்கள் எடுத்த முடிவு அது. பிடிக்காத முடிவும் முடிவுதான்.

குறையா, முடிவா என்று பிரிக்க ஒரு சோதனை இருக்கிறது; முதலில் அதற்கு ஓர் உதாரணம். 1967-ல் பீட்டில்ஸ் வேலை செய்தது 4 ட்ராக் மெஷினில். நாலும் நிரம்பியதும் அவற்றைக் கலந்து வேறொரு மெஷினின் ஒரு ட்ராக்கில் இறக்குவார்கள், மீதி மூன்று ட்ராக் காலியாகக் கிடைக்கும். இப்படி ஒவ்வொரு முறை இறக்கும்போதும் இரைச்சல் கூடும், டிரம்ஸின் முனை மழுங்கும், டிரம்ஸும் பேஸும் கிட்டாரும் ஒரே ட்ராக்கில் பூட்டப்பட்டுவிடும். டிரம்ஸ் ஒரே பக்க ஸ்பீக்கரில் கிடந்ததற்கு முக்கியக் காரணம் இதுதான். அன்று இரண்டு ஸ்பீக்கருக்கான ஸ்டீரியோவுக்கு மதிப்பும் இல்லை. 'சார்ஜென்ட் பெப்பர்' ஆல்பத்தின் மோனோ (ஒற்றை ட்ராக்) மிக்ஸுக்குக் குழுவே கூட உட்கார்ந்தது, ஸ்டீரியோ அவர்கள் இல்லாமல் சில நாட்களில் முடிந்தது. ஆக, 2017-ல் பீட்டில்ஸின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புது ஸ்டீரியோ செய்தபோது கலப்பதற்கு முந்தைய டேப்புகளுக்குத் திரும்பினார், பழைய மோனோவை அளவுகோலாக வைத்துக்கொண்டார். 'ஷீ'ஸ் லீவிங் ஹோம்' பழைய ஸ்டீரியோவில் மெதுவாகவும் சுருதி இறங்கியும் இருந்தது. புதியதில் மோனோவின் வேகம். 'அன்று கையில் நல்ல கருவி இருந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பார்களா?' என்று கேட்டுப் பாருங்கள். ஆம் என்பதற்கு இப்படி ஆதாரம் இருந்தால் ரீமிக்ஸுக்கு நியாயம் உண்டு. 'செய்திருக்கலாம்' என்ற ஊகம் மட்டும் என்றால் இல்லை.

இனி வேலை எப்படி நடக்கிறது என்று பார்க்கலாம். புது மிக்ஸின் தரத்தில் பெரும்பகுதி, மிக்ஸ் தொடங்குவதற்கு முன்பே தீர்மானமாகிவிடுகிறது.

1970-களின் நடுவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 406, 456 போன்ற டேப்புகளில் காந்தத் துகளைப் பிடித்திருக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். அப்படியே ஓட்டினால் கிரீச்சென்று கத்தி, டேப்பைப் படிக்கும் ஹெட்டில் பழுப்பாகப் படியும். அந்தப் பழுப்புதான் பாட்டு. சுரண்டினால் திரும்ப வராது. இதற்கு மருந்து, சுமார் 54 டிகிரி செல்சியஸில் சூடாக்குவது. கால் அங்குல டேப்புக்கு 8 மணி நேரம் அளவில், 2 அங்குல மல்டிட்ராக்குக்கு ஒரு நாளோ அதற்கு மேலோ. பிறகு கிட்டத்தட்ட அதே நேரம் ஆறவிட வேண்டும். சமையலறை ஓவனில் வைக்கக் கூடாது. அதில் முள் காட்டும் வெப்பம் ஒன்று, உள்ளே இருப்பது வேறு. சூடாக்கிய டேப் சில வாரம் நன்றாக ஓடும், பிறகு மறுபடி ஈரம் ஏறிவிடும். எனவே டிஜிட்டலாக்கும் மெஷினும் ஆளும் தயாராகாமல் அடுப்பைத் தொடாதீர்கள். பழைய அசிடேட் டேப்பை எந்தக் காரணத்துக்கும் சூடாக்கக் கூடாது, சுருண்டு உடைந்துவிடும். சுருளை விளக்குக்கு எதிரே பிடித்தால் தெரியும்: அசிடேட் என்றால் வெளிச்சம் ஊடுருவும், பாலியெஸ்டர் கறுப்பாக நிற்கும். வினிகர் வாடை வந்தாலும் அசிடேட்தான், அதுவும் அழியத் தொடங்கியது.

அடுத்தது மெஷினை டேப்போடு ஒத்துப்போகச் செய்வது. ஒழுங்கான டேப்பின் தொடக்கத்தில் 1 கிலோஹெர்ட்ஸ், 10 கிலோஹெர்ட்ஸ், 100 ஹெர்ட்ஸ் போன்ற சோதனை ஒலிகள் இருக்கும். அவற்றை வைத்து ஹெட்டின் சாய்வையும் ஒவ்வொரு ட்ராக்கின் அளவையும் சரி செய்ய வேண்டும். சாய்வு ஒரு மயிரிழை தவறினாலும் மேல் ஒலி மங்கும். பதிவின்போது மேல், கீழ் ஒலிகளை ஏற்றி இறக்கிய முறை (ஈக்வலைசேஷன்) அமெரிக்க என்ஏபியா, ஐரோப்பிய ஐஇசியா என்பதும் முக்கியம். நொடிக்கு 15 அங்குல வேகத்தில் என்ஏபியின் கணக்கு 50 மைக்ரோசெகண்ட், ஐஇசியின் கணக்கு 35. மாற்றிப் போட்டால் உச்ச ஒலியில் 3 டெசிபெல் வரை வித்தியாசம் வரும். டால்பி ஏ இரைச்சல் நீக்கி போட்ட டேப் என்றால் இன்னும் கவனம் தேவை. அதன் டீகோடர், குறிப்பிட்ட அளவில் ஒலி வந்தால்தான் சரியாக வேலை செய்யும். 2 டெசிபெல் குறைவாக ஊட்டினால் மெல்லிய பகுதிகளின் உச்ச ஒலியை அது மேலும் அழுக்கும். பாடகர் மூச்சு விடும் இடங்கள் போர்வைக்குள் போனது போல் கேட்கும். பிறகு மிக்ஸ் செய்பவர் தொனியை மாற்றும் ஈக்யூவில் மேல் ஒலியைக் கூட்டி 'பழைய டேப், அப்படித்தான் இருக்கும்' என்று முடித்துவிடுவார். 24 ட்ராக் என்றால் இந்தச் சரிபார்ப்பு 24 முறை. பொறுமை இல்லாதவர்கள் தவறவிடும் இடம் இதுதான். 24 பிட், 96 அல்லது 192 கிலோஹெர்ட்ஸ் என்ற எண்களை அட்டையில் பெரிதாக அச்சடிக்கிறார்கள்; ஹெட்டின் சாய்வு தவறிய டேப்பை 192-ல் எடுத்தால் தவறு துல்லியமாகப் பதிவாகும்.

பல தலைமுறை டேப்புகளை ஒன்றுசேர்ப்பது அடுத்த வேலை. கலப்பதற்கு முந்தைய 4 ட்ராக்கையும் கலந்த பின் நிரப்பிய 4 ட்ராக்கையும் ஒரே டைம்லைனில் வைத்தால் அவை சேர்ந்து ஓடாது. இரு மெஷினின் வேகத்தில் 0.1 சதவீத வித்தியாசம் இருந்தாலே 3 நிமிடப் பாட்டின் முடிவில் 180 மில்லிசெகண்ட் விலகல். 1 மில்லிசெகண்ட் விலகலே போதும்: ஒரே வாத்தியத்தின் இரண்டு பிரதிகள் சேரும்போது 500, 1500, 2500 ஹெர்ட்ஸில் ஒலி விழுந்துவிடும், டிரம்ஸ் குழாய்க்குள் வாசித்தது போல் ஆகும். எனவே கலந்த ட்ராக்கை வழிகாட்டியாக வைத்து, ஸ்நேர் டிரம்மின் அடி விழும் இடங்களைச் சில தாள வட்டங்களுக்கு (பார்) ஒருமுறை பொருத்தி, இடையில் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சரிசெய்வார்கள். நீண்டு ஒலிக்கும் ஸ்வரத்தின் நடுவில் வெட்டக் கூடாது. எல்லாம் பொருந்திய பிறகு வழிகாட்டியை மியூட் செய்துவிடலாம்.

இவ்வளவும் செய்த பின்னும் டேப்பில் இல்லாதவை இருக்கும். அன்று மிக்ஸ் என்பது நாலைந்து பேர் கன்சோலில் கைவைத்து நேரடியாக நிகழ்த்திய ஒன்று. ஒலி மெல்லத் தேய்ந்து முடியும் ஃபேட், எக்கோ, குரலை இரட்டிப்பாக்கும் ஏடிடி, இரண்டு டேக்குகளைப் பிளேடால் வெட்டி ஒட்டிய இடம், மிக்ஸின்போது வேகத்தைக் கூட்டிக் குறைத்தது, இவையெல்லாம் இரண்டு ட்ராக் டேப்பில்தான் உண்டு. 'ஐ ஆம் தி வால்ரஸ்' பாட்டின் கடைசியில் கேட்கும் நாடக வசனம் 1967 செப்டம்பர் 29 அன்று மோனோ மிக்ஸ் ஓடிக்கொண்டிருந்தபோது நேரலை வானொலியிலிருந்து பிடித்தது, பிபிசியின் 'கிங் லியர்'. மல்டிட்ராக்கில் அது கிடையாது. ஸ்டீரியோ செய்தபோது வேறு வழியில்லாமல் மோனோ மிக்ஸின் பின்பாதியையே ஒட்டி, போலி ஸ்டீரியோவாக ஒப்பேற்றினார்கள். பீச் பாய்ஸின் 'பெட் சவுண்ட்ஸ்' 1966-ல் மோனோவாக மட்டுமே மிக்ஸ் ஆனது. 1997-ல் வெளியான முதல் ஸ்டீரியோவில், தொடக்கப் பாட்டின் நடுப்பகுதியில் மைக் லவ்வின் குரல் இருக்க வேண்டிய இடத்தில் பிரையன் வில்சனின் குரல் வருகிறது. அந்தக் குரல் மல்டிட்ராக்கில் இல்லாததே காரணம்.

அதனால் நல்ல ரீமிக்ஸ்காரர் முதலில் பழைய மிக்ஸின் நகலைச் செய்வார். இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் கிங் கிரிம்சன், ஜெத்ரோ டல் போன்றோரின் ஆல்பங்களில் செய்ததன் அடிப்படை இதுதான். பழையதை ஒரு பக்கம் ஓடவிட்டு, பொத்தானை மாற்றி மாற்றி, ஒவ்வொரு வாத்தியத்தின் இடமும் அளவும் எக்கோவின் நீளமும் ஒத்துப்போகும் வரை உட்காருவார். தெளிவைக் கூட்டுவதெல்லாம் அதற்குப் பிறகு. இந்த முதல் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவர்களின் மிக்ஸில் இரண்டு அடையாளம் தெரியும். ஃபேட் வேறு இடத்தில் முடியும். பழையதில் எங்கோ புதைந்திருந்த டாம்பரின் திடீரென்று நெற்றியில் வந்து உட்காரும். புதைத்து வைத்தவர் காரணத்தோடுதான் புதைத்திருப்பார். எழுபதுகளின் எக்கோவுக்கு ஈஎம்டி 140 போன்ற இரும்புத் தகடும், ஸ்டுடியோவின் எக்கோ அறையும் பயன்பட்டன. அறை இன்னும் இருந்தால் அதிலேயே ஒலியை ஓட்டி மறுபடி பிடிப்பது நல்லது. அதைப் போலச் செய்யும் மென்பொருளான பிளகின் கிட்டத்தட்ட வரும், ஆனால் தேய்ந்து மறையும் வால் பகுதியில் வித்தியாசம் கேட்கும்.

மல்டிட்ராக் இல்லாவிட்டால்? புது டேப் வாங்கும் செலவுக்குப் பயந்து பழையதன் மேலேயே பதிவு செய்தவர்கள் உண்டு. 2008-ல் ஹாலிவுட்டில் யுனிவர்சல் ஸ்டுடியோ வளாகத்தில் பிடித்த தீயில் போனவையும் உண்டு. ஐம்பதுகளின் ஜாஸ் ஆல்பங்கள் பல நேரடியாக மோனோவிலோ இரண்டு ட்ராக்கிலோ பிடிக்கப்பட்டவை. அவற்றுக்கு மல்டிட்ராக் என்று ஒன்று இருந்ததே இல்லை. இங்கேதான் ஒலியைப் பிரிக்கும் ஏஐ வருகிறது. 'கெட் பேக்' ஆவணப்படத்துக்காக பீட்டர் ஜாக்சனின் குழு உருவாக்கிய முறை 2022-ல் 'ரிவால்வர்' ரீமிக்ஸுக்குப் பயன்பட்டது; ஒரே ட்ராக்கில் பூட்டிக் கிடந்த டிரம்ஸையும் கிட்டாரையும் பிரித்தார்கள்.

இதன் எல்லை தெரிந்திருக்க வேண்டும். மென்பொருள் ஒலியை அதிர்வெண் படமாக மாற்றி, எந்தப் புள்ளி எந்த வாத்தியத்துக்குச் சொந்தம் என்று கணித்துப் பங்கு பிரிக்கிறது. சிம்பலும் குரலின் 'ஸ்' ஒலியும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழுந்தால் கணிப்பு தடுமாறும், சிம்பல் தண்ணீருக்குள் அடித்தது போல் குழையும். எக்கோவின் வால் பாதி குரலிலும் பாதி 'மற்றவை'யிலும் சிதறும். டீசர் நிறுவனம் 2019-ல் இலவசமாக வெளியிட்ட ஸ்ப்ளீட்டரின் வழக்கமான அமைப்பு 11 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் தராது. அதை வைத்து முடித்த வேலை மங்கிப்போனதற்கு அசல் டேப்பைக் குறை சொல்லிப் பயனில்லை. பிரித்த பகுதிகளைத் திரும்பக் கூட்டினால் அசல் கிடைக்கும்படி மிச்சத்தையும் சேர்த்து வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் 2, 3 டெசிபெல்லுக்குள் நகர்த்தினால் குறைகள் ஒன்றையொன்று மறைத்துக்கொள்ளும். குரலை மட்டும் தனியாக ஒரு மூலைக்குத் தள்ளினால் எல்லாம் அம்பலமாகும். குணப்படுத்த இது நல்ல கருவி. பழைய மோனோ ஆல்பத்தை அகல ஸ்டீரியோவாக விரிக்க எடுத்தால் கை வரம்பு மீறிவிடும்.

ஒலியைக் கேட்பவரைச் சுற்றிலும் மேலேயும் பரப்பும் டால்பி அட்மாஸ் பற்றிச் சுருக்கமாக. ஸ்டீரியோவில் பெரும்பாலும் எல்லா வாத்தியமும், உரத்த ஒலியை அமுக்கும் ஒரே கம்ப்ரெஸர் வழியாகப் போகும். கிக் டிரம் அடிக்கும்போது மற்றவை ஒரு நூல் அமுங்கி எழும், அந்த மூச்சுதான் பல ராக் ஆல்பங்களின் விசை. அட்மாஸில் வாத்தியங்கள் தனித்தனிப் பொருளாகப் பறப்பதால் அந்தப் பொதுக் கம்ப்ரெஸர் கிடையாது. எல்லாம் தெளிவாக இருக்கும், பாட்டு மட்டும் சோர்ந்துவிடும். இசை அட்மாஸுக்கு மைனஸ் 18 எல்.யூ.எஃப்.எஸ் (சராசரி ஒலியளவின் அலகு) என்ற உச்சவரம்பு இருப்பது ஒரு நன்மை; சத்தப் போட்டிக்கு இடமில்லை.

வீட்டில் நீங்களே ஒப்பிட விரும்பினால் ஒன்றை மறக்காதீர்கள்: அரை டெசிபெல் சத்தம் கூடினாலே அது 'நல்ல மிக்ஸ்' என்று காது ஏமாந்துவிடும். பழைய சிடி மைனஸ் 18-லும் புது ரீமிக்ஸ் மைனஸ் 10-லும் இருந்தால் நீங்கள் ஒப்பிடுவது 8 டெசிபெல் வித்தியாசத்தைத்தான், மிக்ஸை அல்ல. ஃபூபார்2000 என்ற பிளேயரில் ரீப்ளேகெயின் என்ற அமைப்பைப் போட்டு இரண்டையும் சமமாக்குங்கள், அல்லது எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் ஒலியளவை அளந்து அதிகமானதைக் குறையுங்கள். பிறகு கோரஸைக் கேட்காதீர்கள், எல்லாரும் கோரஸில்தான் உழைத்திருப்பார்கள். கோரஸுக்கு முந்தைய வரியில் குரல் மூச்சு வாங்கும் இடம், ஸ்நேர் அடியின் முதல் கணம், கடைசி பத்து நொடி ஃபேட், இந்த மூன்றையும் கேளுங்கள். புதியதில் கோரஸ் வரும்போது சத்தம் ஏறவே இல்லை என்றால் சத்தத்தை ஓர் அளவோடு நிறுத்தும் லிமிட்டர் அதைத் தின்றிருக்கிறது. அந்த ரீமிக்ஸின் மிக்ஸ் நன்றாகவே இருக்கலாம், கெடுத்தது அதன் மாஸ்டரிங். மெட்டாலிகாவின் 'டெத் மேக்னெட்டிக்' 2008-ல் வந்தபோது இதை ரசிகர்களே கண்டுபிடித்தார்கள்: சிடியில் நசுங்கிக் கிடந்த அதே வாசிப்பு, 'கிட்டார் ஹீரோ' வீடியோ கேமுக்குக் கொடுத்த தனி ட்ராக்குகளில் மூச்சு விட்டது.

எதைச் செய்யவே கூடாது என்பதில் எனக்குக் குழப்பமில்லை. ஆஸி ஆஸ்போர்னின் முதல் இரண்டு தனி ஆல்பங்களை 2002-ல் மறுபடி வெளியிட்டபோது அசல் பேஸ், டிரம்ஸ் வாசிப்புகளை நீக்கிவிட்டு வேறு கலைஞர்களை வாசிக்க வைத்துச் சேர்த்தார்கள். 2011 மறுவெளியீட்டில்தான் அசல் வாசிப்பு திரும்பியது. இடையில் ஒன்பது வருடம், அந்தப் பாட்டுகளைப் புதிதாக வாங்கிய பலருக்கு யார் வாசித்ததை வாங்குகிறோம் என்றே தெரிந்திருக்காது. மெகாடெத்தின் 'ரஸ்ட் இன் பீஸ்' 2004 ரீமிக்ஸில் சில பாட்டுகளுக்குக் குரல் புதிதாகப் பாடிச் சேர்க்கப்பட்டது. அசல் ட்ராக் தொலைந்தது என்பது காரணம். காரணம் உண்மையாகவே இருக்கட்டும், அப்படியானால் அந்த ஆல்பம் ரீமிக்ஸுக்குத் தகுதியில்லை என்றுதானே பொருள்? பழைய இரண்டு ட்ராக் டேப்பை நல்லபடியாக மாற்றி வெளியிட்டிருக்கலாம்.

வாங்கும்போது, கிங் கிரிம்சனின் 40-ம் ஆண்டுப் பதிப்புகளைப் போல அசல் மிக்ஸையும் ரீமிக்ஸையும் ஒரே பெட்டியில் தருவதைத் தேர்ந்தெடுங்கள். ஸ்ட்ரீமிங்கில் மட்டும் கேட்பவர் ஆல்பத்தின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன ஆண்டு, என்ன சொல் போட்டிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். 1987-ல் பீட்டில்ஸின் 'ஹெல்ப்!', 'ரப்பர் சோல்' இரண்டும் முதல்முறை சிடியாக வந்தபோது ஜார்ஜ் மார்ட்டின் அவற்றை மறுபடி மிக்ஸ் செய்திருந்தார். இன்று ஸ்டீரியோ பதிப்பாகப் பலர் கேட்பது அந்த மிக்ஸைத்தான், 1965-ன் ஸ்டீரியோவை அல்ல.